சர்வகலாசாலைகளும் சர்க்கார் பணமும்: இந்தியாவும் பிரேஸிலும்

உயர்தரக் கல்விக்குச் சர்க்கார் என்ன செலவு செய்கிறது என்று பார்லிமெண்டிலோ சட்டசபையிலோ எவரேனும் வினவினால், மந்திரிகள் தயாராக வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு. சென்ற வருஷத்தைக் காட்டிலும் இவ்வருஷம் இத்தனை கோடி அதிகம் என்பதே அவ்விடை. கேட்டவரும் திருப்தியடைந்து அமர்ந்து விடுகிறார். விலைவாசி எவ்வளவு ஏறிற்று, மாணவர் தொகை எவ்வளவு பெருகிற்று, ஒதுக்கிய தொகையில் எவ்வளவு உரிய காலத்தில் கைக்கு வந்து சேர்ந்தது என்ற உபகேள்விகள் அபூர்வமாகவே எழுகின்றன. இவற்றினும் முக்கியமான வேறொரு கேள்வியோ எழுவதேயில்லை. சர்வகலாசாலைக்கு வரும் அந்தப் பணம் எந்த உரிமையின்பேரில் வருகிறது? சட்டம் கொடுக்கச் சொல்வதால் வருகிறதா, அல்லது அதிகாரத்திலிருப்போர் மனமிரங்கி அளிப்பதால் வருகிறதா?

இக்கேள்விக்கு இரண்டு தேசங்கள் இரண்டு விதமாக விடை கூறியிருக்கின்றன. ஒன்று நமது இந்தியா. மற்றொன்று தென் அமெரிக்காவிலுள்ள பிரேஸில். அமெரிக்க ஐக்கிய நாடுகளையோ சீனாவையோ காட்டி நம்மவரை வெட்கப்படுத்துவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்கரின் செல்வம் நமக்கு எட்டாத தூரத்திலிருப்பது. சீனாவிலோ பட்ஜெட்டைப் பற்றிக் கேள்வி கேட்க எதிர்க்கட்சி என்பதே கிடையாது. பிரேஸில் அப்படியன்று. நம்மைப் போலவே அந்நியர் ஆட்சியில் இருந்து விடுபட்ட தேசம். மாகாணங்கள் பல சேர்ந்த சமஷ்டி. எழுதி வைத்த அரசியல் சட்டம், தேர்தல், சுப்ரீம் கோர்ட் எல்லாம் அங்கும் உண்டு. செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையே உள்ள தூரம் அங்கும் மிகக் கொடியது. ஆகவே, ஒப்பிட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும் வக்கீல் வாதமாகப் பேசி, நமக்குச் சாதகமற்றதை மறைக்க நாம் விரும்பவில்லை. பிரேஸிலின் ஜனத்தொகை 2022-ம் வருஷத்துக் கணக்குப்படி சுமார் 20 கோடியே 30 லட்சம். நம்முடையது 140 கோடிக்கு மேல். தலைக்கு வரும் வருமானம் அங்கே நம்மைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அன்றியும், அங்கே எல்லாச் சர்க்கார்களும் சேர்ந்து தேசிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை வரியாக வசூலிக்கின்றன. இங்கே ஆறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. கை நிறைய வசூலிப்பவன் கை நிறையக் கொடுக்கிறான் என்று ஒருவர் சொன்னால், அதை நாம் ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறோம். ஓரளவுக்குத்தான். வசூலித்த பணத்தில் கல்விக்கு எவ்வளவு என்பது தனி விஷயம். அதிலேதான் இரண்டு தேசங்களின் வழியும் பிரிகிறது.

பழைய சரித்திரத்தைப் பார்த்தால் நாமே முந்தியவர்கள். 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் தோன்றிவிட்டன. குமாஸ்தாக்களைத் தயாரிக்கவே ஆங்கிலேயர் அவற்றை அமைத்தனர் என்பது வேறு கதை. பிரேஸிலை ஆண்ட போர்த்துகீசியர் அதையும் செய்யவில்லை. தங்கள் குடியேற்ற நாட்டில் ஒரு சர்வகலாசாலையைக்கூட அவர்கள் அனுமதிக்கவில்லை. 1822-ல் சுதந்திரம் பெற்ற அத்தேசத்தில் சட்டத்துக்கும் வைத்தியத்துக்கும் தனித்தனிக் கலாசாலைகள் இருந்தனவேயன்றி, ரியோ டி ஜனைரோவில் சர்வகலாசாலை என்ற பெயருடன் ஒன்று அமைந்தது 1920-லேதான். இன்று தென் அமெரிக்காவில் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக எண்ணப்படும் ஸாவோ பாவுலோ சர்வகலாசாலை 1934-ல் பிறந்தது. சென்னைச் சர்வகலாசாலைக்கு அப்போது வயது 77.

அதே 1934-ம் வருஷத்தில் பிரேஸில் தேசத்தார் செய்த மற்றொரு காரியமே இக்கட்டுரைக்கு விஷயமாவது. அவ்வருஷம் இயற்றிய அரசியல் சட்டத்தில், மத்திய சர்க்காரும் நகரசபைகளும் தங்கள் வரி வருமானத்தில் நூற்றுக்குப் பத்துக்குக் குறையாமலும், மாகாணங்கள் நூற்றுக்கு இருபதுக்குக் குறையாமலும் கல்விக்குச் செலவிட்டே தீரவேண்டும் என்று ஒரு ஷரத்தை எழுதி வைத்தார்கள். ஆசையையோ குறிக்கோளையோ எழுதவில்லை; எண்ணை எழுதினார்கள்.

அந்த ஷரத்தின் பிற்காலக் கதை மிக ருசிகரமானது. 1937-ல் வர்காஸ் என்பவர் பார்லிமெண்டைக் கலைத்துச் சர்வாதிகாரியானார். அவர் இயற்றிய புதிய சட்டத்தில் கல்விப் பங்கைக் காணோம். அவர் வீழ்ந்தபின் 1946-ல் ஜனநாயகம் மீண்டது, பங்கும் மீண்டது. 1964-ல் ராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றினர். 1967-ல் அவர்கள் செய்துகொண்ட அரசியல் சட்டத்தில் அது மறுபடியும் மறைந்தது. தொடர்ந்த வருஷங்களில் மத்திய சர்க்கார் செலவில் கல்வியின் பங்கு சுருங்கியது. தனியார் கலாசாலைகள் தெருவுக்குத் தெரு பெருகியதும் அந்த ஆட்சியிலேதான். ராணுவ ஆட்சி தளர்ந்துவந்த 1983-ம் வருஷக் கடைசியில் ஜுவாவோ கல்மோன் என்ற செனட்டரின் விடாமுயற்சியால் ஒரு திருத்தம் நிறைவேறியது. மத்திய சர்க்காருக்கு நூற்றுக்கு 13, மற்றவற்றுக்கு 25 என்று அது விதித்தது. 1988-ல் ஜனப்பிரதிநிதிகள் கூடி இயற்றிய அரசியல் சட்டத்தின் 212-வது ஷரத்து, மத்திய சர்க்காரின் பங்கை 18 ஆக உயர்த்தியது. மாகாணங்களுக்கும் நகரசபைகளுக்கும் 25-ஐ நிலைநிறுத்தியது. சர்வாதிகாரி வரும்போதெல்லாம் முதலில் அடிபடும் ஷரத்துக்களில் இது ஒன்றாக இருந்திருக்கிறது. அதன் அருமைக்கு வேறு அத்தாட்சி தேட வேண்டியதில்லை.

இந்தப் பங்கு சர்வகலாசாலைகளுக்கு மட்டும் உரியதன்று. ஆரம்பப் பள்ளிக்கூடம் முதல் எல்லாவற்றுக்கும் சேர்ந்தது. ஆனால் அங்கே சிறு பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் நகரசபை, மாகாணம் இவற்றின் பொறுப்பு. அதனால் மத்திய சர்க்காரின் 18-ல் பெரும்பகுதியைப் பெறுபவை அறுபதுக்கு மேற்பட்ட மத்திய சர்வகலாசாலைகளே. அவற்றில் சேரும் மாணவன் சம்பளம் கட்டுவதில்லை. பொதுக் கலாசாலைகளில் கல்வி இலவசம் என்று 206-வது ஷரத்து சொல்கிறது. சில சர்வகலாசாலைகள், பெயர் பதிவுக் கட்டணம் என்று சிறு தொகை வாங்கிப் பார்த்தன. அதுவும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2008-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதியாகவே வகுத்துவிட்டது.

ஸாவோ பாவுலோ மாகாணம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1988-ம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 207-வது ஷரத்து, சர்வகலாசாலைகளுக்குப் பண நிர்வாகத்திலும் சுயாதிகாரம் உண்டு என்று சொல்லிற்று. பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் பணத்தில் சுயாதிகாரம் எப்படி? அந்த மாகாணத்தின் மூன்று சர்வகலாசாலைகளிலும் 1988-ல் நீண்ட வேலை நிறுத்தம் நடந்தது. அதன் பயனாக 1989 பிப்ரவரியில் கவர்னர் ஓர் உத்தரவு பிறப்பித்தார். மாகாணம் வசூலிக்கும் சரக்கு விற்பனை வரியில் நூற்றுக்கு 8.4 பங்கு மூன்று சர்வகலாசாலைகளுக்கும் உரியது என்பது உத்தரவு. பிற்பாடு அது 9.57 ஆக உயர்ந்து அங்கேயே நிலைத்தது. மாதந்தோறும் வரி வசூலாக வசூலாக, அவர்கள் பங்கு அவர்களுக்குப் போய்விடுகிறது. எத்தனை ஆசிரியர், என்ன சம்பளம், எந்த ஆராய்ச்சிச்சாலை என்பதையெல்லாம் அவர்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கல்வி இலாகா குமாஸ்தாவின் மேஜையில் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்கத் தலைநகரில் ஆள் வைக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சிக்கும் அங்கே தனிப் பங்கு உண்டு. மாகாண வரி வருமானத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு என்று 1947-ம் வருஷத்து மாகாண அரசியல் சட்டம் சொன்னது. 1962-ல் அதற்கான ஸ்தாபனம் வேலை தொடங்கியது. 1989-ல் அது ஒரு பங்காயிற்று. நிர்வாகச் செலவு மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது என்பதும் சட்டம். இதனால் விளைந்தது என்ன என்று கேட்போருக்கு ஓர் உதாரணம் போதும். அந்த மாகாணம் ஆரஞ்சுப் பழச்சாற்றுக்கு உலகப் பிரசித்தி பெற்றது. ஆரஞ்சு மரங்களைப் பாழாக்கும் ஒரு நுண்கிருமியின் மரபணு அமைப்பு முழுவதையும் அங்குள்ள பல ஆராய்ச்சிச்சாலைகள் ஒன்றுகூடி ஆராய்ந்து 2000-ம் வருஷத்தில் வெளியிட்டன. செடி கொடிகளுக்கு நோய் தரும் கிருமி ஒன்றின் மரபணு முழுவதும் படிக்கப்பட்டது உலகிலேயே அதுதான் முதல் தடவை. பழத்தோட்டக்காரன் கட்டிய வரி அவன் தோட்டத்துக்கே ஆராய்ச்சியாகத் திரும்பியது.

நிற்க. இனி நம் தேசத்துக்கு வருவோம்.

கோத்தாரி கமிஷன் 1966-ல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்குச் செலவாக வேண்டும் என்றும், 1985-86-க்குள் அந்த நிலையை அடைய வேண்டும் என்றும் அது கூறிற்று. 1968-ம் வருஷத்துக் கல்விக் கொள்கை அதை ஏற்றுக்கொண்டது. 1986-ம் வருஷத்துக் கொள்கையும் ஏற்றுக்கொண்டது. 2020-ம் வருஷத்துக் கொள்கையும், கூடிய சீக்கிரத்தில் அதை அடைய வேண்டும் என்று பரிவுடன் மொழிகிறது. ஒரு பிரமாணப் பத்திரத்தை அறுபது வருஷ காலமாகப் புதுப்பித்துக்கொண்டே வருகிறோம். பணம் மட்டும் வரவில்லை. இன்று எவ்வளவு செலவாகிறது என்பதிலுங்கூடச் சர்க்காருக்கு இரண்டு நாக்கு. நிதி இலாகாவின் பொருளாதார ஆய்வறிக்கை நூற்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு என்கிறது. கல்வி இலாகா, மற்ற இலாகாக்கள் பயிற்சிக்குச் செய்யும் செலவையும் கூட்டி, நான்குக்கு மேல் என்கிறது. பிரேஸிலில் இது ஐந்தைத் தாண்டுகிறது.

நம் அரசியல் சட்டம் என்ன சொல்கிறது? 41-வது ஷரத்து, கல்வி பெறும் உரிமைக்கு ராஜ்யம் தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அதற்கு நான்கு ஷரத்துக்கள் முன்னாலேயே, இவ்வத்தியாயத்தில் சொன்னவற்றைக் கோர்ட் மூலம் நிறைவேற்றிக்கொள்ள முடியாது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. 2002-ம் வருஷத்துத் திருத்தத்தினால் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதற்கு மேற்பட்ட கல்விக்கு எண்ணும் இல்லை, எல்லையும் இல்லை. 1976-ல் நெருக்கடி நிலையின்போது கொண்டுவந்த 42-வது திருத்தம் கல்வியை மாகாணப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. அதிகாரத்தில் மத்திய சர்க்காருக்குப் பங்கு கிடைத்தது. செலவுச் சுமையில் எவ்வளவு பங்கு என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

பங்கு ஒதுக்கி வைக்கும் முறையை நாமும் ஒரு தடவை பரீட்சித்துப் பார்த்தோம் என்பது பலருக்கு ஞாபகமிராது. வருமான வரி முதலியவற்றின்மேல் 2004-ல் கல்வித் தீர்வை என்று நூற்றுக்கு இரண்டும், 2007-ல் இடைநிலை, உயர்தரக் கல்விகளுக்கென்று மேலும் ஒன்றும் விதித்தார்கள். பின்னதன் பெயரால் பத்தாண்டுக் காலத்தில் 80,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று. அந்தப் பணத்துக்கென்று தனி நிதி ஏற்படுத்தப்படவுமில்லை. எந்தத் திட்டங்களுக்குச் செலவாயிற்று என்று காட்டப்படவுமில்லை என்று கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை கூறிற்று. தனி நிதிக்கு மந்திரிசபை சம்மதம் அளித்தது 2017-ல். அடுத்த வருஷமே அத்தீர்வையைச் சுகாதாரத்தோடு சேர்த்து நூற்றுக்கு நான்காக்கிப் புதுப் பெயரும் சூட்டினார்கள். ஒரு கிளப்பில் சந்தா வசூலித்துப் பத்து வருஷம் கணக்குக் காட்டாத காரியதரிசியை அங்கத்தினர்கள் என்ன செய்வார்கள் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. சாதாரண வரிகளில் மாகாணங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். தீர்வை என்று பெயரிட்டால் 270-வது ஷரத்தின்படி கொடுக்க வேண்டியதில்லை. நம் மாணவர்களோ நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல், மாகாணச் சர்வகலாசாலைகளிலும் அவற்றோடு இணைந்த கலாசாலைகளிலுமே படிக்கிறார்கள். ஆக, உயர்தரக் கல்வியின் பெயரால் எல்லோரிடமும் பணம் வசூலித்து, அக்கல்வியைப் பெரும்பாலும் நடத்துகிறவர்களுக்குப் பங்கில்லை என்று ஆக்கியாயிற்று.

மத்திய சர்க்காரின் 2025-26-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தைப் பாருங்கள். உயர்தரக் கல்வி இலாகாவுக்குச் சுமார் 50,000 கோடி ரூபாய். அதில் ஐ.ஐ.டி.க்கள் 23-க்கும் சேர்த்து 11,000 கோடிக்கு மேல். மாகாணங்களிலுள்ள உயர்தரக் கல்வியை விருத்தி செய்வதற்கான பிரதம மந்திரியின் திட்டத்துக்கு 1,815 கோடி. ஐ.ஐ.டி.க்களுக்குக் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. அவை தேசத்துக்குப் பெருமை தேடித் தருபவை. ஆனால் தலைப்பிள்ளைக்குப் பட்டுடுத்தி மற்றப் பிள்ளைகளைக் கந்தையுடன் விடும் குடும்பத்தை ஊரார் மெச்சமாட்டார்கள். மத்திய ஸ்தாபனங்களுக்குங்கூடக் கட்டடங்களுக்கு மானியம் கொடுப்பதைக் குறைத்து, கடன் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்று 2017-ல் ஒரு கடன் ஸ்தாபனத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். 2023-ல் ஆராய்ச்சிக்கென்று ஒரு தேசிய ஸ்தாபனத்தைச் சட்டம் போட்டு நிறுவினார்கள். ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்று தடபுடலாக அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி, தனியார் முதலிய பிறரிடமிருந்து வருமென்ற நம்பிக்கை! ஸாவோ பாவுலோவில் எழுதி வைத்திருப்பது வரியில் ஒரு பங்கு. இங்கே எழுதி வைத்திருப்பது பிறர் தர்ம சிந்தனை.

மாகாணச் சர்வகலாசாலைகளின் கதியை நம் தமிழ் நாட்டார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாணவர் சேர்க்கையில் இம்மாகாணம் நூற்றுக்கு 47 என்று 2021-22-ம் வருஷத்துக் கணக்குச் சொல்கிறது. தேச முழுவதுக்கும் சராசரி 28.4. அத்தகைய மாகாணத்தில், 1857-ல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் பாங்குக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரி இலாகா முடக்கி வைத்தது. அதே வருஷத்தில் மதுரை காமராஜர் சர்வகலாசாலையின் ஊழியர்கள் மாதக் கணக்கில் நின்றுபோன சம்பளத்தைக் கேட்டுப் போராடினார்கள். காலியான ஸ்தானங்களை நிரப்பாமல், மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயரிட்டு வேலை வாங்குவது எங்கும் வழக்கமாகிவிட்டது. அதில் கௌரவம் எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரியவில்லை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் கவர்னருக்கா மந்திரிசபைக்கா என்று சுப்ரீம் கோர்ட் வரையில் வழக்காடியிருக்கிறார்கள். நியமிக்கப்படும் துணைவேந்தர் மாதக் கடைசியில் எந்தப் பணத்தைக் கொண்டு சம்பளம் கொடுப்பார் என்பது எவருடைய வழக்கிலும் பிரச்னையாகவில்லை.

சர்க்கார் கொடுக்காத பணத்தை யாரோ கொடுத்துத்தானே ஆகவேண்டும்? தகப்பன்மார் கொடுக்கிறார்கள். தமிழ் நாட்டில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கலாசாலைகள் தோன்றின. இன்று தேச முழுவதிலும் கலாசாலை மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தனியார் கலாசாலைகளில் இருக்கிறார்கள். 1993-ல் உன்னி கிருஷ்ணன் வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட், தனியார் கலாசாலைகளிலும் பாதி இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கு விட வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்தது. 2002-ல் பதினொரு நீதிபதிகள் கூடி, டி. எம். ஏ. பாய் வழக்கில் அத்திட்டம் செல்லாதென்று தீர்த்தார்கள். கலாசாலை நடத்துவதும் ஒரு தொழிலே, நியாயமான உபரி வருமானம் எடுத்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பின் சாரம். சட்ட நோக்கில் அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. சர்க்கார் பணம் கொடுக்காத இடத்தில் கட்டணத்தை மட்டும் சர்க்கார் நிர்ணயிப்பது எங்ஙனம் என்ற கேள்விக்கு விடை சுலபமன்று.

இவ்வளவையும் படித்து, பிரேஸில் ஒரு பூலோக சுவர்க்கம் என்று எவரேனும் எண்ணினால் அது பெரும் பிசகு. அங்கே கலாசாலை மாணவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தனியார் கலாசாலைகளில்தான் படிக்கிறார்கள். நம்மைவிட இது அதிகம். சர்க்கார் சர்வகலாசாலைகள் இலவசமாகவும் சிறந்தவையாகவும் இருந்தபடியால், அவற்றின் பிரவேசப் பரீட்சை மிகக் கடினமாயிற்று. அதில் தேறியவர்கள் யார்? சிறு வயது முதல் பணம் கட்டித் தனியார் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு பரீட்சைக்கென்றே நடக்கும் பயிற்சிக்கூடத்திலும் பணம் கட்டிய செல்வர் வீட்டுப் பிள்ளைகள். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்த ஏழை, பகலில் உழைத்துச் சம்பாதித்து, இரவில் தனியார் கலாசாலைக்குக் கட்டணம் கட்டினான். ஏழையும் கட்டிய வரியில் செல்வன் இலவசமாகப் படித்தான். பயிற்சிக்கூட வியாபாரம் நம் ஊரிலும் கொடிகட்டிப் பறப்பதால் வாசகர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

அந்த அநீதிக்கு அவர்கள் கண்ட பரிகாரத்தையும் சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்டில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. மத்திய சர்வகலாசாலைகளில் பாதி இடங்கள், மேல்நிலைக் கல்வி முழுவதையும் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்கே உரியவை. அவற்றில் ஒரு பாதி, குறைந்த வருமானமுள்ள குடும்பத்தாருக்கு. கறுப்பு இனத்தார், கலப்பு இனத்தார், ஆதிக்குடிகள் ஆகியோருக்கு அந்தந்த மாகாண ஜனத்தொகை விகிதப்படி உள் ஒதுக்கீடு. 2016-க்குள் படிப்படியாக இது முழுவதும் அமலுக்கு வந்தது. வகுப்புவாரி உத்தரவு 1951-ல் செல்லாதென்று தீர்ப்பாகி, அதன் பேரில் அரசியல் சட்டத்தையே முதல் தடவையாகத் திருத்த வைத்தவர்கள் நாம். சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு வைத்தியக் கல்வியில் நூற்றுக்கு 7.5 இடம் என்று 2020-ல் தமிழ் நாட்டுச் சட்டசபை சட்டம் செய்தபோது எழுந்த கூச்சலும் நமக்கு நினைவிருக்கிறது. பிரேஸிலில் அது 50.

தனியார் கலாசாலைகளில் படிப்பவர்களுக்காக அவர்கள் கையாண்ட கடன் முறை அவ்வளவு புத்திசாலித்தனமானதன்று. 2010-க்குப் பின் சர்க்கார் கடன் தாராளமாயிற்று. 2014-ல் ஒரே வருஷத்தில் ஏழு லட்சம் மாணவர்களுக்கு மேல் புதிதாகக் கடன் பெற்றார்கள். பங்கு மார்க்கெட்டில் வியாபாரமாகும் பெரிய கல்விக் கம்பெனிகள் அதனால் கொழுத்தன. 2015-ல் கஜானா வறண்டதும் கடன் திடீரென்று சுருங்கிற்று. சட்டத்தில் வேர் கொள்ளாத பணம் அங்கேயும் அப்படித்தான் நடந்துகொண்டது.

சட்டத்தில் எழுதி வைத்த பங்கைக்கூடச் சூழ்ச்சி செய்து குறைக்கலாம் என்பதும் அங்கே கண்ட அனுபவம். 2016 டிசம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, மத்திய சர்க்காரின் செலவுகளை இருபது வருஷத்துக்கு விலைவாசிக்கு மேல் ஏறாதபடி கட்டினார்கள். நூற்றுக்கு 18 என்ற ஷரத்து 2018 முதல் உறங்க வைக்கப்பட்டது. ஆசிரியர் சம்பளமும் உபகாரச் சம்பளமும் சட்டப்படி தொட முடியாதவை. ஆகவே வெட்டு முழுவதும் மின்சாரம், தண்ணீர், துப்புரவு, மராமத்து இவற்றின் மீதே விழுந்தது. மராமத்துக்குப் பணமில்லாத நிலை அதற்கு முன்பே பல வருஷங்களாக முற்றி வந்தது. ரியோ டி ஜனைரோவிலுள்ள தேசியக் காட்சிசாலை 1818-ல் ஸ்தாபிக்கப்பட்டது. அந்நகரத்து மத்திய சர்வகலாசாலையைச் சேர்ந்தது. அதன் இருநூறாவது வருஷத்தில், 2018 செப்டம்பர் 2-ம் தேதி இரவு, அது தீப்பற்றி எரிந்தது. தீயணைக்க வந்தவர்கள் குழாயைத் திறந்தபோது போதிய தண்ணீர் இல்லை. இரண்டு கோடி பொருள்கள் கொண்ட சேகரத்தில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. மறு வருஷம், மத்திய சர்வகலாசாலைகளின் இத்தகைய செலவில் நூற்றுக்கு 30 நிறுத்தி வைக்கப்படும் என்று மந்திரி அறிவித்தார். 2019 மே 15-ம் தேதி தேசத்தின் எல்லா மாகாணங்களிலும் மாணவரும் ஆசிரியரும் தெருவுக்கு வந்தனர். சில மாதங்களில் பணம் விடுவிக்கப்பட்டது. 2023-ல் அந்தத் திருத்தத்தின் செலவுக் கட்டு நீங்கி, பழைய பங்கு மறுபடி உயிர் பெற்றது.

அங்கே ஜனங்கள் எதைச் சுட்டிக் காட்டிப் போராடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. 212-வது ஷரத்து எங்கே என்று கேட்டார்கள். நம் மாணவன் கேட்பதற்கு எந்த ஷரத்து இருக்கிறது?

ஆகவே, நாம் கூறும் யோசனை இது. அரசியல் சட்டத்தைத் திருத்த டில்லி மனமிரங்கும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. நம் அரசியல் சட்டத்தின் 202-வது ஷரத்து, மாகாணப் பொது நிதியின்மீது நேரடியாகச் சார்த்தப்படும் செலவுகள் எவை என்று கூறுகிறது. கவர்னரின் சம்பளம், ஹைகோர்ட் நீதிபதிகளின் சம்பளம், மாகாணக் கடனுக்குரிய வட்டி முதலியவை அவை. இவற்றைச் சட்டசபை விவாதிக்கலாம். ஓட்டுப் போட்டு வெட்ட முடியாது. அதே ஷரத்தின் கடைசி உட்பிரிவு, மாகாணச் சட்டசபை ஒரு சட்டத்தின் மூலம் வேறெந்தச் செலவையும் இவ்வாறு சார்த்தலாம் என்று தெளிவாக இடங்கொடுக்கிறது. நீதிபதியின் சம்பளத்துக்குள்ள பாதுகாப்பு அந்த நீதிபதிக்குச் சட்டம் கற்பித்த ஆசிரியரின் சம்பளத்துக்கு ஏன் இருக்கலாகாது? சரக்கு சேவை வரியில் மாகாணத்துக்கு வருவதில் இன்ன பங்கு சர்வகலாசாலைகளுக்கு என்று ஒரு சிறு சட்டம் செய்ய, தமிழ் நாட்டுச் சட்டசபைக்கோ வேறெந்த மாகாணச் சட்டசபைக்கோ தடையொன்றுமில்லை.

இதற்கு நிதி மந்திரிகள் சொல்லப்போகும் ஆட்சேபம் நமக்குத் தெரியும். இப்படி ஆளுக்கொரு பங்கைக் கட்டிப்போட்டால் கஷ்ட காலத்தில் கை அசைக்க இடமிராது என்பார்கள். கடன்காரரின் வட்டிக்கு இதே கட்டுப்பாடு இருக்கிறது. அதைப் பற்றி அவர்கள் முறையிடக் கேட்டதில்லை. அன்றியும், நாம் கேட்பது தொகையல்ல, பங்கு. வரி குறைந்தால் பங்கும் குறையும். 2014-ல் ஸாவோ பாவுலோவில் விற்பனை வரி வசூல் தளர்ந்தபோது, சர்வகலாசாலையின் சம்பளச் செலவு வந்த பணம் முழுவதையும் மிஞ்சிவிட்டது. ஏறக்குறைய நான்கு மாதம் வேலை நிறுத்தம் நடந்தது. ஊழியர் பலர் தாமே முன்வந்து விலகத் திட்டம் போட்டார்கள். தங்கள் வீட்டைத் தாங்களே ஒழுங்கு செய்துகொண்டார்கள்.

சட்டசபை செய்த சட்டத்தைச் சட்டசபையே ரத்துச் செய்யலாமே என்றும் கேட்கலாம். செய்யலாம். ஸாவோ பாவுலோவின் 9.57 பங்குங்கூட அரசியல் சட்டத்தில் இல்லை. வருஷந்தோறும் சட்டசபை பட்ஜெட் விதிகளில் அதைப் புதுப்பிக்கிறது. ஆயினும் 1989 முதல் அதை நீக்க எவரும் துணியவில்லை. காரணம், நீக்குவதற்கு ஒருவர் சபையில் எழுந்து நின்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இப்போது நம் நாட்டில் ஒரு சர்வகலாசாலையைப் பட்டினி போட அவ்வளவு சிரமம் தேவையில்லை. கோப்பில் ஒரு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினாலே போதுமானது.

பிரேஸிலில் இப்போது வேறொரு விவாதம் நடக்கிறது. 2023-ல் செய்த வரிச் சீர்திருத்தத்தினால் அந்தப் பழைய விற்பனை வரி 2033-க்குள் முற்றிலும் மறைந்து, நம் சரக்கு சேவை வரியைப் போன்ற புதிய வரி அதன் இடத்துக்கு வரப்போகிறது. எந்த வரியில் எத்தனை பங்கு என்று மூன்று சர்வகலாசாலைகளும் புதிதாகக் கணக்குப் போட்டுச் சர்க்காருடன் பேச வேண்டியிருக்கிறது. நம் மாகாணங்கள் சரக்கு சேவை வரிக்கு 2017-லேயே மாறிவிட்டன. அவ்வரியை வைத்துப் பங்கு நிர்ணயிக்கும் மசோதா ஒன்றை நம் சட்டசபைகளில் ஏதேனும் ஒன்று எடுத்துக்கொள்ளுமானால், விகிதம் என்ன, மாதத்தில் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து சபைமுன் வைப்பது யார் என்ற மூன்று விஷயங்களை மட்டுமே அது தீர்மானிக்க வேண்டியிருக்கும்.